பச்சை டேப் ஒட்டிய பருந்து

நான் ஒரு பொய் அறிக்கை எழுதினேன். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அதை நம்பி ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். மரத்தில் ஒரு பருந்துக் கூடு, கூட்டில் இரண்டு குஞ்சுகள். தப்பு செய்தது அந்தக் கூட்டுப் பறவை அல்ல என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். தப்பு செய்தது நான் வளர்த்த பறவை.

கும்மிடிப்பூண்டியில் ஷெட் போட்டு, அடிபட்ட பறவைகளையும் தாயைப் பிரிந்த குஞ்சுகளையும் பார்த்துக்கொள்ளப் புதிதாகக் கையுறை மாட்டியிருக்கிறீர்கள். என் அனுபவங்களைச் சொல்லச் சொல்கிறீர்கள். இப்படிக் கேட்டால் பொதுவாகத் தாங்கள் காப்பாற்றிய உயிர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கெடுத்ததைச் சொல்கிறேன். அதுதான் உங்களுக்குப் பயன்படும். எனக்கும் மனசு கொஞ்சம் லேசாகும்.

முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்தேன். கடைசி சில வருடங்கள், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மதிலை ஒட்டிய சின்ன மருந்தகத்தில். மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி. இதில் புகழ் கிடையாது. எருமையின் பின்னால் தோள்வரை கையை விட்டு நிற்பவனோடு யாரும் செல்ஃபி எடுத்துக்கொள்வதில்லை. ஒருநாள் ஒரு பருந்துக் குஞ்சைக் கையில் ஏந்தினேன். பொழுது சாய்வதற்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டேன். கெட்டது அங்கேதான்.

அந்தக் குஞ்சை ஒரு செக்யூரிட்டி பிஸ்கட் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். எடைமேடைக்குப் பக்கத்து மரத்தடியில் கிடந்ததாம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கத்தியது, கொத்தியது, என் சட்டையில் பீய்ச்சியது. அதாவது பூரண ஆரோக்கியம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, “அதே மரத்தில் ஒரு கூடையைக் கட்டி அதில் வையுங்கள், தாய் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்” என்று சொல்லியிருக்க வேண்டும். வனத்துறைக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. “மனித வாடை பட்டுவிட்டது, இனி தாய் சேர்க்காது” என்றேன். எனக்கு யாரோ சொன்ன கதை, விசாரிக்காமல் நானும் சொன்னேன். குப்பைமேட்டில் அழுகிய மீனைத் தின்னும் பறவை நம் கைச் சோப்பு வாசனைக்கு முகம் சுளிக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். படித்தவனுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

செம்பருந்தாக இருந்திருந்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லோரும் எட்டி நின்றிருப்பார்கள். இது கோழிக்கடை வாசலில் குடலுக்குக் காத்திருக்கும் சாதாரணக் கரும்பருந்து. இதை வளர்க்க என்ன பெரிய வித்தை வேண்டும் என்று நினைத்தோம்.

நினைத்தோம் என்று பன்மையில் சொல்வது தேசிங்கையும் சேர்த்து. மருந்தக உதவியாளர், என் வயதுக்காரர், ஊத்துக்கோட்டைப் பக்கம். “நோவாம உக்காந்துக்கினு துன்றான் பாருங்க சார், தொரை!” என்றார். அதிலிருந்து அதற்குப் பெயர் துரை. பெயர் வைத்தது முதல் தப்பு. பேசியது இரண்டாவது. “வா நைனா, ஆ காட்டு நைனா” என்று கையை உயர்த்தி ஈரல் துண்டை ஆட்டுவார். துரை தாவி வந்து வாங்கும். மூன்றாவது தப்புதான் பெரியது. மதிலுக்கு அந்தப் பக்கக் கம்பெனியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும்; சைரனை இங்கே சங்கு என்றுதான் சொல்வோம். தேசிங்கு கோழிக்கடையிலிருந்து கழிவு வாங்கி வருவதும் அந்த நேரம்தான். ஆகவே தினமும் சங்கு ஊதியதும் துரைக்குச் சாப்பாடு. பத்து நாளில் சங்குச் சத்தம் கேட்டதும் இறக்கையை நடுக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. நாங்கள் அதை வீடியோ எடுத்தோம். “அறிவைப் பாருங்க” என்று ஊரே பார்த்தது. அறிவு இல்லாத இரண்டு பேர் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

பறக்கவிடவும் ஒரு விழா. எனக்குப் பொன்னாடை. அடையாளத்துக்கு என்று தேசிங்கு துரையின் காலில் எலக்ட்ரீஷியன்கள் ஒட்டும் பச்சை இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். மொட்டைமாடியிலிருந்து விட்டேன். ஒரு வட்டம் போட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் கேன்டீன் கூரையில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அது ஏன் அங்கே உட்கார்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பறக்கத் தெரிந்த பிறகும் பல வாரம் தாயோடு சுற்றித்தான் ஒரு குஞ்சு பிழைப்பைக் கற்கும்: எந்தக் குப்பையில் எது கிடைக்கும், எந்த நாய் விரட்டும், எந்தக் கம்பியில் உட்காரக் கூடாது. துரைக்கு நாங்கள் கற்பித்த பாடம் ஒன்றே ஒன்று. சங்கு ஊதினால் மனிதன் கையைத் தூக்குவான். கையில் சாப்பாடு இருக்கும்.

மூன்றாவது வாரம் எஸ்தருக்கு அடிபட்டது.

எஸ்தர் அந்தக் கம்பெனியில் வாகனங்களுக்கு வயர் பின்னும் பிரிவில் வேலை செய்பவர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடிக்கிறவர். கேன்டீனில் புழுக்கம் என்று பெண்கள் எல்லோரும் வெளியே அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் சாப்பிடுவார்கள். சங்கு ஊதியது. எஸ்தர் டிபன் பாக்ஸைத் திறந்தார், வறுத்த மீன். துரை இறங்கியது. விரட்டுவதற்காகக் கையை உயர்த்தினார். துரைக்கு அது அழைப்பு. நேராக முகத்துக்கு வந்தது. நகம் புருவத்தைக் கிழித்தது. இன்னும் அரை விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

கம்பெனி அதிகாரி என்னை வளாகத்துக்கு வரச் சொன்னார். “ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க சார். ஏன் அடிச்சுது, இனிமே அடிக்குமா, அவ்ளோதான். மேல கேக்கறாங்க.” பேசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். கேன்டீன் கூரையில் துரை. என்னைக் கண்டதும் வாயைத் திறந்து, இறக்கையை நடுக்கி, கெஞ்சிக் கத்தியது. ஊர்ப் பஞ்சாயத்து நடுவில் ஒரு பிள்ளை ‘அப்பா’ என்று கூப்பிட்டால், அதை ஊருக்கு ஒளித்து வைத்தவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மரத்தில் ஒரு கூடு தெரிந்தது. அதன் மேல் ஒரு பெரிய பருந்து தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. ‘குஞ்சு வைத்திருக்கும் தாய்ப்பறவை கூட்டைக் காக்கத் தாக்கியிருக்கிறது’ என்று எழுதினேன். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மரத்தை வெட்டுவார்கள் என்று நினைக்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனி வேறு என்ன செய்யும், சாம்பிராணியா போடும்?

மறுநாள் காலை இயந்திர ரம்பத்தின் சத்தம் மதிலைத் தாண்டி வந்தது. மதியத்துக்கு முன் அதே செக்யூரிட்டி, வேறொரு அட்டைப்பெட்டி. “குஞ்சுங்க ரெண்டும் உசுரோட கீது சார். உங்களாண்ட குட்த்தா நல்லா வளப்பீங்கன்னு சொன்னாங்க.” சாதாரணமாகத்தான் சொன்னார்.

பெட்டியைத் திறந்தேன். மூன்று வாரக் குஞ்சுகள். மூலையில் ஒண்டி, இறக்கையை விரித்து, என்னைக் கொல்லப் பார்த்தன. நல்ல சேதி. நம்மை வெறுக்கும் குஞ்சுக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. வெளியே வானத்தில் இரண்டு பருந்துகள் மரம் இருந்த இடத்தையே சுற்றின. எத்தனை நாள் சுற்றும் என்று எனக்குத் தெரியாது. குஞ்சுகளைத் திருப்பிச் சேர்க்க இருந்த கால அளவு அதுதான்: அவை சுற்றும்வரை. தவறினால் இன்னும் இரண்டு துரை.

சேர்க்க வேண்டுமானால் மரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அது கம்பெனி வளாகம். உள்ளே விடமாட்டார்கள். அந்தக் கூடு ஆபத்து என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மருத்துவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று முழுக்க ஒன்றும் செய்யவில்லை. குஞ்சுகள் மனிதனுக்குப் பழகக் கூடாது என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பேசாமல், எலும்போடு நறுக்கிய கோழியை இடுக்கியால் கொடுத்தேன். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதை இங்கே கவனியுங்கள். துரை விஷயத்தில் நான் தெரியாமல் தப்பு செய்யவில்லை. செல்லம் கொஞ்சுவதற்காகச் செய்தேன்.

மறுநாள் காலை எஸ்தர் வந்தார். புருவத்தில் கட்டு, தையல் பிரிக்கும்வரை விடுப்பு.

“டாக்டரு நீங்கதான?”

“ஆமாம்மா. வலி எப்படி இருக்கு?”

“அது கெடக்குது. ஒரு டவுட்டு கேக்கணும். குஞ்சு வச்சினுகீற தாய்தான் என்னை அடிச்சுதுன்னு எழுதிக் குட்த்தீங்களாமே?”

“ஆமாம்.”

“என்னை அடிச்ச கழுகுக்குக் காலுல பச்ச டேப்பு சுத்தியிருந்துச்சு சார். மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, நான் பாக்காம வேற யாரு பாப்பா? மரத்துல கீற தாய்க்கு டேப்பு இன்னாத்துக்கு? ஐடி கார்டா?”

தேசிங்கு குறுக்கே வந்தார். “எந்த டேப்பும்மா? வெயில்ல கண்ணு கூசியிருக்கும்.”

“யோவ், உன் டேபிள் மேலயே கீது பாரு அந்த டேப்பு.”

மூவரும் டேப்பைப் பார்த்தோம். எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. “போன் பண்ணா ஒர்த்தியும் எங்கூட சரியாப் பேச மாட்றாளுங்க சார். உன்னாலதான்டி மரம் போச்சு, இன்னும் ரெண்டு தையல் போட்டுக்கினு கம்முனு இருந்திருக்கலாம்லன்றாளுங்க. எல்லாருக்கும் நான்தான் பேஜாரு குட்த்தனாம். நான் இன்னா சார் பண்ணேன்? மீன் துன்னேன்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, ஈரல், பொன்னாடை, அறிக்கை. நடுவில் தேசிங்கு இரண்டு முறை இருமினார்; நான் நிறுத்தவில்லை. எஸ்தர் எழுந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். குஞ்சு ஒன்று அவரைப் பார்த்துச் சீறியது.

“இதுங்களுக்கும் டேப்பு ஒட்டப் போறியா?”

மரியாதை போய்விட்டது. நியாயம்தான்.

“இல்ல. தாய்கிட்டயே வைக்கணும்.”

“அப்ப வை. இங்க உக்காந்துக்கினு இன்னா பண்ற?”

தேசிங்கு என்னை உள்ளே இழுத்துப் போனார். “சார், ரிட்டயருக்கு நாலு வருசம்தான். மெமோ, என்கொயரின்னு இழுத்துடுவானுங்க. குஞ்சுங்கள நாமளே வளத்துடலாம். இந்த வாட்டி டேப்பு ஒட்ட மாட்டேன், சத்தியமா.” பாவம், தப்பு டேப்பில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

இன்னொரு அறிக்கை எழுதினேன். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் வனத்துறைக்குப் போன் செய்தேன். திட்டினார்கள், பிறகு குஞ்சுகளைத் தாயிடமே வைக்கச் சொன்னார்கள். அப்புறம் கம்பெனி அதிகாரியிடம் போனேன். எஸ்தரும் வந்தார். அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

“அப்ப பறவை உங்களுது.”

“என்னுது.”

“மரம் போனதும் உங்களால.”

“என்னால.”

“இத அப்படியே உங்க மேலிடத்துக்கு அனுப்புவேன் சார்.”

“அனுப்புங்க. அதுக்கு முன்னாடி குஞ்சுகளை வைக்க ஒரு இடம் குடுங்க. தண்ணித் தொட்டி நிக்கற இரும்பு மேடை போதும்.”

“மறுபடி யாரையாவது அடிச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொன்னார்: “சார், அடி வாங்கனவ நானு. அந்த மரத்து ஜோடி ஒரு வாட்டி கூட எங்க சோத்தாண்ட வந்ததில்ல. எத்தினி நாளா அதுங்கடியில உக்காந்து துன்றோம்! வையுங்க சார்.”

அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார்: முதலில் அடித்த பறவையைப் பிடிக்க வேண்டும். அதில் சிரமமே இல்லை. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. தேசிங்கு மருந்தக முற்றத்தில் நின்று கையை உயர்த்தினார். துரை வந்து கையில் உட்கார்ந்தது. சாக்கைப் போர்த்தியபோதுகூடத் திமிறவில்லை. பிடிபட்டோம் என்றே அதற்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தோம் என்று நினைத்தது. தேசிங்கு அன்று ‘நைனா’ சொல்லவில்லை.

ஒரு மணிக்குக் கேன்டீன் காய்கறிக் கூடையோடு தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறினேன். ஐம்பத்தாறு வயது, தொப்பை, முகத்தில் துண்டு. கீழே இருந்து பார்த்தவர்களுக்கு வயர் திருடன். விழுந்த கூட்டின் பொருட்களையே கூடைக்குள் பரப்பியிருந்தோம்: சுள்ளி, வெல்டிங் கம்பி, கிழிந்த கையுறை, பெண்கள் தலையில் மாட்டும் வலைத் தொப்பி இரண்டு. குஞ்சுகளை வைத்துவிட்டு இறங்கினேன். ஐந்து மணிக்குள் தாய் இரை கொடுக்காவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு.

இந்த வேலையில் கஷ்டமானது எது என்று கேட்பீர்கள். ஊசி போடுவது இல்லை, எலும்பு கட்டுவது இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். குஞ்சுகள் கத்தின. பெற்றவை உயரத்தில் சுற்றின, இறங்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு குஞ்சின் சத்தம் நின்றது. நான் மெதுவாக ஏணியை நோக்கி நடந்தேன்.

“இன்னா சார் பாக்கெட்ல?” எஸ்தர்.

“ஈரல். ஒரு துண்டுதான்.”

“குடுங்க.” வாங்கி மதிலுக்கு வெளியே வீசினார். நான்கு காக்கைகள் சண்டை போட்டன. “உக்காருங்க. கொயந்தைய ஸ்கூல்ல உட்டுட்டு ஜன்னலாண்ட எட்டிப் பாக்கற அப்பன் மாரி கீறீங்க.”

தேநீர் இடைவேளைக்குப் பெண்கள் வெளியே வந்து தகரக் கூரையடியில் நின்றார்கள். காத்திருக்கும் நேரத்தில் அவர்களிடமும் சொன்னேன்: மரம் போனது எஸ்தரால் அல்ல, என்னால். ஒருவர் நான் அதுவரை கேட்டிராத ஒரு வசையைச் சொன்னார். அதில் என் அம்மா வரவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

நான்கு மணிக்குச் சற்று முன் தாய் இறங்கியது. காலில் ஒரு எலி. கூடையின் விளிம்பில் நின்று, ஒருமுறை சுற்றிப் பார்த்து, கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தது. பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைதட்டிக் கத்தினார்கள். தாய் எலியைப் போட்டுவிட்டுப் பறந்தது.

“வாயை மூடுங்க!” என்று கத்தினேன். என் பணிக்காலத்திலேயே நான் மிகச் சத்தமாகச் சொன்ன சொல் அதுதான்.

“மூடுங்கடி, டாக்டரு ஆர்டரு” என்றார் எஸ்தர். முன்பு வசை சொன்ன பெண் சிரித்து அவர் தோளில் அடித்தார்.

கால் மணி நேரத்தில் தாய் திரும்ப வந்தது. பின்னாலேயே தகப்பனும்.

பிறகு நடந்தவை. மெமோ வந்தது, விசாரணை வந்தது, கண்டித்து விட்டுவிட்டார்கள். நான் செய்ததில் பாதிக்குக்கூடப் போதாது. வெட்டிய இடத்தில் இரண்டு தூங்குமூஞ்சிக் கன்றுகள் நட்டேன். ஒன்றை நான் குடற்புழு மருந்து கொடுத்துத் தேற்றிய ஆடு தின்றது. மற்றது இருக்கிறது, அதன் நிழலில் தற்போது ஒருவர் உட்காரலாம், ஒல்லியாக இருந்தால். குஞ்சுகள் இரண்டும் பறந்தன. ஒன்று பத்து நாளில் மின்கம்பத்தடியில் செத்துக் கிடந்தது. இன்னொன்று குப்பைமேட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டது. அதற்கு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. எது என்று எனக்குத் தெரியாது. அதற்கும் என்னைத் தெரியாது. நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே பறவை அது.

துரையை விடவே முடியவில்லை. வனத்துறை அனுமதி உள்ள ஒரு பராமரிப்பு இடத்தில் பெரிய கூண்டில் வைத்தார்கள். மற்றப் பருந்துகளோடு பழக்கிப் பார்த்தார்கள், மனிதர் கண்ணில் படாமல் இரை போட்டுப் பார்த்தார்கள். நான் மாதம் ஒருமுறை போனேன். பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டால், முழுதாக வளர்ந்த பறவை, இறக்கையை நடுக்கி, மூன்று வாரக் குஞ்சின் குரலில் கெஞ்சும். நான் கிளம்பிய பிறகு கம்பியில் மோதும். இரண்டு நாள் தின்னாது. ஒருநாள் அங்கே வேலை செய்யும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க வராம இருந்தா அது தேறும்.” வெளியே வந்து பஸ் ஏறினேன். போகாமல் இருப்பதுதான் எனக்குச் செய்யத் தெரியாத ஒரே உதவி. அன்றோடு போவதை நிறுத்தினேன்.

ஓய்வு பெற்று இப்போது மணவாள நகரில் இருக்கிறேன். போன மாதம் எஸ்தர் அந்தப் பராமரிப்பு இடத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், கூண்டையும் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

“டாக்டரு சார், உங்க தொரையப் பாத்தேன். அரை மணி நேரம் கூண்டாண்டயே நின்னுனு இருந்தேன், ஒரு வாட்டி கூட என் பக்கம் திரும்பல. அடிச்ச நன்றி கூட இல்ல பாருங்க. கூட இன்னொரு கழுகு கீது, அதுங்கூட ஒரு எலி வாலுக்கு சண்ட போட்டுக்கினு கீறான். நல்லா கீறான் சார். நீங்க மட்டும் அங்க போய்டாதீங்க.”

போகவில்லை.